மூன்றாம் தடவை வந்த சிவப்புப் பூ

குமுதாக்காவை யாராவது வாயாடி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்வி கேட்டால் வாயாடியா? கோலா சாவா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு, நீலாய் டவுன் பெக்டரியில் இத்தனை வருடமாகக் கண் எரிய எரியச் சரக்கில் குறை இருக்கிறதா என்று பார்க்கிறவள். பெக்டரி பஸ்ஸில் அவள் பக்கத்து இடம் என்னுடையது. அவளைப் பற்றி எனக்குத் தெரியாததா?

நாற்பதைத் தாண்டிய பிறகு நீலாயிலேயே வார இறுதி டிப்ளோமாவில் சேர்ந்தாள். அதில் புள்ளியியல் பாடம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. முதல் வகுப்பில் ஷங்கர் சார் காசைச் சுண்ட, அது தலையாகவே விழுந்துகொண்டிருந்ததாம். அடுத்தது என்ன என்று கேட்டிருக்கிறார். "பூதான் சார், எவ்வளவு நேரம் வராம இருக்கும்?" என்றாளாம் இவள். வகுப்பே சிரித்திருக்கிறது.

மறுநாள் பஸ்ஸில் ஒரே ஆர்ப்பாட்டம். "காசுக்கு ஞாபகமே கெடையாது மோகனா! முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதான். இந்த நம்பர் ரொம்ப நாளா வரல, இந்த வாரம் கண்டிப்பா வரும்னு லாட்டரி நம்பர் எடுக்குறாங்களே, அத்தனையும் சும்மா லா!" நம்பர் எடுக்கும் டிரைவர் கண்ணாடியில் முறைத்தார். அக்கா கண்டுகொள்ளவில்லை.

பரீட்சை நாள்தான் வம்பாகப் போயிற்று. தோட்டத்து அம்மன் கோவில் திருவிழாவும் அதே ஞாயிற்றுக்கிழமை. அன்னதானச் சமையல் எப்போதும் அக்கா கையில். போன வருடமும் இதே திருவிழாவுக்காகப் பரீட்சையை விட்டுவிட்டு அழுதவள். இந்தத் தடவையும் விட்டால் படிப்பு அவ்வளவுதான், பெயரை எடுத்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை நானும் கோவிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்ததும் கோவில் தலைவர் நல்லசாமி பேச்சை எடுத்தார். அவர் அக்காவின் கணவர் புனிதனுக்கு அண்ணன். "நீ போய்ட்டா சோத்துக்கு யாரும்மா நிப்பா? நம்ம பேசி என்னா ஆவப் போவுது, பூ போட்டு அம்மாகிட்டயே கேட்டுருவோம்" என்றார். புனிதன் தலையாட்டினார். அண்ணன் பேச்சுக்கு அவர் எதிர்ப்பேச்சு பேசி யாரும் பார்த்ததில்லை. அக்காவை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

இரண்டு வெற்றிலை மடிப்பு. ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செம்பருத்தி. வெள்ளை வந்தால் பரீட்சை, சிவப்பு வந்தால் அடுப்படி. பூசாரி தேவன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். வெள்ளை! நான் கையே தட்டிவிட்டேன்.

"ஒரு தடவ போதாது, இன்னொரு தடவ போடு" என்றார் நல்லசாமி. மறுபடியும் வெள்ளை. "மூணு தடவ கேக்குறதுதான் மொற." மூன்றாவது தடவை சிவப்பு வந்தது.

"பாத்தியா! கடைசியா சொன்னதுதான் அம்மா உத்தரவு!"

அடப்பாவி மனுசா என்று வாய்வரை வந்துவிட்டது எனக்கு. அக்கா எழுந்து நின்றாள்.

"என்னா மாமா இது? மூணு தடவ போட்டா எட்டு விதமா வரலாம். அதுல ஏழுல எங்கயாச்சும் சிவப்பு இருக்கும். சிவப்பு வந்த ஒடனே நிப்பாட்டுனா, அது அம்மா உத்தரவா, ஒங்க உத்தரவா? நாலாவது தடவ போடுவோமா?"

"கோவில்ல வந்து கணக்கு பேசாத!" நல்லசாமிக்கு முகம் கறுத்தது. ஆனால் அவரும் லேசுப்பட்டவரல்ல. "சரி, ஒண்ணு கேக்குறேன். மொதத் தடவையே சிவப்பு வந்திருந்தா நீ போவாம இருந்திருப்பியா?"

மாட்டிக்கொண்டாளே!

அக்கா அம்மனை ஒரு பார்வை பார்த்தாள். "போயிருப்பேன் மாமா. அதனாலதான் நான் பூ கேக்கல. கேட்டது நீங்க. ஞாயித்துக்கிழம நான் நீலாய்க்குப் போறேன்."

நல்லசாமி தம்பி பக்கம் திரும்பினார். "டேய் புனிதா, ஒம் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லுடா!"

புனிதன் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அரிசி எத்தன மணிக்கு ஊறப் போடணும்னு சொல்லுங்கண்ணே. நான் வந்து நிக்கிறேன்."