சருகு அள்ளப் போனவர்கள்

கன்னையாவுக்கு ஓர் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பலமனேருக்குப் பக்கத்தில் ஊர். அப்பாவுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது; பங்காருபாளையம் மாந்தோப்புகளில் கூலிக்குக் காய் பறித்தவர். கன்னையா டிரைவிங் கற்று, பெங்களூரில் பத்து வருஷம் கம்பெனி வண்டி ஓட்டிவிட்டு, பழைய வேன் ஒன்றோடு ஊர் திரும்பினார். அதன்பின் பொங்கல் முடிந்தால் போதும், சுற்று ஊர்களிலிருந்து இருபது பேரை ஏற்றிக்கொண்டு ஷிமோகா பக்கம் கிளம்பிவிடுவார். பாக்குத் தோட்டங்களுக்கு எருவாகப் போட, காட்டில் உதிர்ந்து கிடக்கும் சருகை அள்ளும் வேலை. இரண்டு மாதம். திரும்பும்போது எல்லார் காலிலும் உண்ணி கடித்த தடம் இருக்கும். யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் போன மூன்றாம் வாரத்தில் முனிசாமிக்குக் காய்ச்சல் கண்டது. வெதுருகுப்பத்துக்காரர். கன்னையா அவரைப் பஸ் ஏற்றி அனுப்பினார். ஊருக்குப் போனதும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று போன் வந்தது. பத்து நாளில் மறுபடி காய்ந்து, மூக்கில் ரத்தம் கொட்டி, இறந்துபோனார். டெங்கு என்று பேசிக்கொண்டார்கள். மற்றவர்கள் மிச்ச வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

வந்த நாலாம் நாள், கூடச் சருகு அள்ளிய பக்கத்துத் தெரு ருக்மணி படுத்துவிட்டாள். தலை வெடிக்கிற வலி, ஈறில் ரத்தம். பலமனேரில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. கன்னையா அவளைத் தன் வேனிலேயே போட்டுக்கொண்டு திருப்பதிக்கு ஓட்டினார். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி, அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஸுப்ரஜா என்ற இளம் டாக்டர். கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். முதலில் தெலுங்கில் பேசியவர், இவர்கள் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார். எங்கே வேலைக்குப் போனார்கள், காட்டுக்குள் எவ்வளவு தூரம் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே ருக்மணியின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த தடங்களைப் பார்த்தார். பிறகு கன்னையாவிடம் திரும்பினார்.

"அங்க குரங்கு ஏதாவது செத்துக் கிடந்துதா?"

வேலை தொடங்கிய முதல் வாரமே சருகுக்குள் மூன்று குரங்குகள் செத்துக் கிடந்ததைக் கன்னையா பார்த்திருந்தார். தோட்டத்து மேஸ்திரி அவற்றைக் குழியில் தள்ளி மூடிவிட்டு, வெளியில் சொன்னால் ஆள் நிற்காது என்றான். கன்னையாவும் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த ருக்மணி கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடந்துச்சும்மா. மூணு. நான் யாருக்கும் சொல்லல."

டாக்டர் திட்டவில்லை. குரங்குக் காய்ச்சலாக இருக்கலாம் என்றார். உண்ணி கடித்து வருவது, மனுஷரிடமிருந்து மனுஷருக்குத் தொற்றாது. முன்பு ஒரு மூலையில் மட்டும் இருந்தது இப்போது மலையோரமாகவே புதுப்புது ஊர்களுக்கு நகர்கிறது. ரத்தத்தை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். கூட வந்த எல்லாரையும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

முடிவு வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் கன்னையா வேனைவிட்டு இறங்கியதாகவே யாருக்கும் ஞாபகமில்லை. பதினெட்டு வீடு. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார், தலைவலி உண்டா என்று கேட்பார், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு பேருக்கு உடம்பு சுட்டது. அவர்களையும் திருப்பதியில் சேர்த்தார். இதற்குள் சேதி பரவி, ருக்மணி வீட்டு மாட்டுப் பாலை ஊரில் பால் வாங்கும் கேந்திரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கன்னையா சுகாதார நர்சைக் கையோடு அழைத்துப்போய், தொற்றாது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். அப்படியும் ஒரு வாரம் பால் எடுக்கவில்லை.

குரங்குக் காய்ச்சல்தான் என்று ஆய்வகமும் உறுதி செய்தது. மூன்று பேரும் பிழைத்தார்கள். ருக்மணி நிமிர்ந்து நடக்க இரண்டு மாதம் பிடித்தது.

கடைசியாக முனிசாமி வீட்டுக்குப் போனார். முனிசாமியின் மனைவி சென்னம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் நின்றுகொண்டே குரங்குகளைப் பற்றி முழுவதையும் சொன்னார். அவள் கை நின்றது.

"முன்னாடியே சொல்லியிருந்தா வேலைய வுட்டுட்டு வந்திருப்பாருன்னு நெனைக்கிறியா? வந்திருக்க மாட்டாரு," என்றாள். "ஆனா காய்ச்சல் வந்தப்ப டாக்டர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன் இல்ல?"

கன்னையா கீழே உட்கார்ந்து, அவளோடு கடலை உரிக்கத் தொடங்கினார்.

அந்த மார்கழிக்குள் கன்னையா இரண்டு முறை ஷிமோகா பக்கம் போய்வந்தார். அங்கே சர்க்கார் போடும் தடுப்பூசியைத் தன் ஆட்களுக்கும் கேட்டு, இரண்டு தவணையும் போடவைத்தார். குரங்கு செத்துக் கிடந்தால் அன்றைக்கே வண்டியைத் திருப்பிவிடுவேன் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மிச்சமிருந்த பத்தொன்பது பேரில் பதினொரு பேர்தான் வரச் சம்மதித்தார்கள். பன்னிரண்டாவதாகச் சென்னம்மா வந்து நின்றாள். வேண்டாம் என்று கன்னையா கெஞ்சினார்.

"நீ ஏத்தலன்னா வேற வேன்ல போய்க்கினு இருப்பேன். அந்த வேன்காரன் எனக்கு ஊசி போடவெப்பானா?"

அவளுக்கும் ஊசி போட்டாயிற்று. தை பிறந்து வண்டி கிளம்பியபோது சென்னம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டிருந்தும், தினமும் சாயங்காலம் காட்டிலிருந்து வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடச் சொல்கிறார் கன்னையா. எல்லாரும் தேடி முடித்து, ஒன்றும் இல்லை என்றாலும் இன்னொரு தடவை பாருங்கள் என்கிறார்.