பாஞ்சாலி வெட்டிய முருங்கை

பாஞ்சாலிக்கு வாய் நீளம் என்பார்கள். அது பொய், கைதான் நீளம். கோபம் வந்தால் பேச மாட்டாள், அடித்துவிடுவாள். ஒரகடத்துப் பக்கத்து அந்தத் தெருவில் அவள் கையால் வாங்காதவர்கள் குறைவு. கட்டிய புருஷன் தாண்டவராயனும் அதில் அடக்கம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். அந்த வீட்டில் அடி வாங்காத ஒரே ஜீவன் செவலைப் பசு.

அதற்கும் நேரம் வந்தது. 1991 பங்குனி வெயிலில் செவலை கன்று போட்டது. கன்று விழுந்தது, நஞ்சுக்கொடி விழவில்லை. ஒருநாள் முழுக்கத் தொங்கியது. தாண்டவராயன் அதில் ஒரு கல்லைக் கட்டினான். அப்படியும் விழாமல் போக, கையில் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தான். பாதி அறுந்து ரத்தத்தோடு வந்தது. பசு போட்ட கத்தலில் பாஞ்சாலி உலக்கையோடு ஓடிவந்து அவன் தோளில் போட்டாள். போட்டு என்ன, பசுவின் வலி குறையவா போகிறது?

வந்த பாதியை ஊர் வழக்கப்படி வைக்கோலில் சுற்றி ரோட்டோர ஆலமரத்தில் கட்டினாள். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் வற்றாது, அடுத்த சினையும் தவறாது என்று நம்பிக்கை. யாராவது அதை எடுத்துப்போனால் அந்தப் பலனும் அவர்கள் மாட்டுக்குப் போய்விடும் என்பார்கள். சில நாளில் மூட்டையைக் காணோம்.

கர்ப்பப்பை சீழ் பிடித்து ஆறியது. ஆனால் ஆவணி வரை ஊசி மேல் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. பக்கத்து வீட்டு முனியம்மாளின் பசுவோ முதல் ஊசியிலேயே சினையானது.

"வெள்ளிக்கெழம அடிமாட்டு வண்டி வருது. ஏத்திவுட்டுடுவேன்" என்றான் தாண்டவராயன்.

மூட்டையை யார் எடுத்தது என்று பாஞ்சாலியின் மனசு அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டது. பால் ஊற்றும் இடத்தில், எல்லார் முன்னாலும், பித்தளைச் செம்பால் முனியம்மாளின் வாயில் அடித்தாள். முன்பல் ஒன்று மண்ணில் விழுந்தது. "எம் மாட்டு வவுத்தத் திருடிட்டியே" என்று கத்தினாள். அத்தோடு விட்டாளா? நேராகப் போய் முனியம்மாளின் வேலியோரம் நின்ற முருங்கை மரங்களை இடுப்பளவுக்கு வெட்டித் தள்ளினாள்.

மறுநாள் செவலையைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் ஜீவானந்தம் வெறும் வைக்கோல் போரைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா இதேதானாம்மா? பச்சையே இல்லையா?"

"மேய்ச்ச நெலத்தத்தான் கம்பெனி வருதுன்னு முள்ளுக்கம்பி கட்டி அடச்சிட்டானுங்களே சார்."

"இரும்பு துருப்பிடிக்குதில்ல, அது மாதிரி இந்த வெயிலுக்கு உடம்புக்குள்ளயும் துரு ஏறும். தடுக்கிற சத்து பச்சையிலதான் இருக்கு. அது இல்லாமதான் கொடி விழாம நின்னிருக்கும், சினையும் தட்டுது. இழுத்து அறுத்தது அதுக்கு மேல. முருங்கைக்கீரை போடு, போதும். பக்கத்து வீட்டம்மா அதத்தான் போடுறாங்க."

"அப்போ ஆலமரத்து மூட்ட?"

"ரோடு போடுறவங்க கிளையெல்லாம் வெட்டினப்ப குப்பையோட போயிருக்கும். அதுல என்னம்மா இருக்கு?"

பாஞ்சாலி அவமானத்தில் குறுகிப்போனாள். முருங்கை பொல்லாத மரம், வெட்ட வெட்டத் தழைக்கும். கொஞ்ச நாளில் அடிமரம் துளிர்த்துவிடும். ஆனால் கேட்க வேண்டியது யாரிடம்!

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. பாஞ்சாலி அரிவாளோடு மறித்தாள். தாண்டவராயன் விட்ட அறையில் உதடு கிழிந்தது, கயிற்றை விடவில்லை. வண்டிக்காரன் பயந்து, அடுத்த மாசம் வருவதாகச் சொல்லிப் போனான்.

முருங்கை துளிர்த்ததும் பாஞ்சாலி முனியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"முனிம்மாக்கா, கொஞ்சம் கீர குடு. இல்லன்னா மாட்ட அறுக்க ஏத்திடுவான்."

முனியம்மாள் உள்ளே போய்ச் செம்பை எடுத்து வந்து முகத்தில் ஓங்கி அடித்தாள். பாஞ்சாலிக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. கை தானாக எழுந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அதைக் கீழே இறக்கிக்கொண்டாள். இன்னொரு அடியும் விழுந்தது. அப்புறம் முனியம்மாள் கீரையை ஒடித்து அவள் காலடியில் எறிந்தாள்.

"உனக்கில்ல. வாயில்லா ஜீவனுக்கு. நாளைக்கும் வா."

புரட்டாசி ஊசியில் சினை நின்றது. அடுத்த வருஷம் ஆனியில் செவலை கன்று போட்டது. யாரும் தொடாமல் நஞ்சுக்கொடி தானாக விழுந்தது. பாஞ்சாலி அதை வைக்கோலில் சுற்றிக்கொண்டு ஆலமரத்துப் பக்கம் போகவில்லை. முருங்கை அடிமரத்தில், தான் வெட்டிய தழும்பின் மேல், இறுக்கிக் கட்டினாள்.

முனியம்மாள் பல் போன வாயோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலில்லாத மரத்துல கட்டுறியேடி."

"இதான்க்கா எனக்குப் பால் குடுத்த மரம்."

"கட்டிக்கோ. மறுபடி நீ அரிவாளோட வந்தேன்னு வெச்சிக்கோ, ஒம் பல்லெல்லாம் நான் எடுத்துருவேன்."

பாஞ்சாலி வளைந்துபோன தன் மூக்கைத் தடவிக்கொண்டு, "எடுத்துக்கோக்கா" என்றாள்.