இடுப்பில் இருந்த இரும்பு

உள்ளே கண்ணாடிக் குவளை ஒன்று விழுந்து நொறுங்கிய சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஒரு கதிரை சரிந்தது. வாசலறையில் வந்தவர்களின் கோட்டுகளைக் கொளுவிக்கொண்டிருந்த இரத்தினவேல், கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

ஞாயிறு பின்னேரம். நோர்வேயில், ஸ்டோவ்னரில் இருக்கும் அந்த மதுச்சாலையில் உதைபந்தாட்டம் பார்க்கக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவன் கையைப் பொத்திக்கொண்டு நின்றான். விரலிடுக்கில் இரத்தம். வெட்டியவன் பின்கதவால் ஓடிவிட்டான். இரத்தினவேல் தன் கழுத்துத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைச் சுற்றிக் கட்டினார். பொலிசுக்குச் சொன்னதும் அவர்தான்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கதவின் காவலாளி அவர். ஐம்பத்தாறு வயது. பெரிய உடம்பு இல்லை, அதட்டும் குரலும் இல்லை. ஆனால் அவரைத் தாண்டி ஒரு கத்தி உள்ளே போனதில்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பெருமை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். சந்தேகமான ஆள் வந்தால் முதலில் தன் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்டுவார். சாவி, கைக்குட்டை, வீபூதிப் பொட்டலம் எல்லாவற்றையும் தட்டில் போடுவார். "முதல் என்ரை, பிறகு உன்ரை" என்று நோர்வேஜிய மொழியில் சிரித்தபடி சொல்வார். எந்த முரடனும் அதற்கு மேல் முறைக்க மாட்டான். இன்று எப்படித் தவறியது என்று அவருக்கே விளங்கவில்லை. கவனம் சிதறித்தான் இருந்தது. மனைவி தங்கேஸ்வரி போய்ப் பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வீட்டில் இருக்க முடியாமல்தான் பதின்மூன்றாம் நாளே வேலைக்கு வந்தார். ஹவுகெட்டோவில் அந்த இரண்டறை வீட்டில் அவளுடைய செருப்பு வாசலில் கிடந்தது. அதை எடுத்து வைக்கவும் கை வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கதவடியில் நின்றால் நாலு பேர் "எப்படி இருக்கிறாய், ரத்னா?" என்று கேட்பார்கள். அது போதும் என்று வந்தார் அந்த மனிதர். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

பொலிஸ் வந்தது. இளம் பெண் ஒருத்தியும் ஒரு நரைத்தலைக்காரரும். கத்தி கைமாறியிருக்கலாம், எல்லாரையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். கூட்டம் முணுமுணுத்தது. ஒருவன் மேசையைத் தட்டினான். இரத்தினவேல் வழக்கம்போல் முன்னே வந்தார்.

"முதல் என்னைப் பாருங்கோ. பிறகு இவையள் தாங்களாவே வருவினம்."

"நீ காவலாளிதானே, உன்னை எதற்கு?" என்றார் நரைத்தலைக்காரர். அவருக்கு இரத்தினவேலைப் பல வருடமாகத் தெரியும்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்" என்று சொல்லி இரண்டு கையையும் விரித்து நின்றார் இரத்தினவேல்.

அந்தப் பெண் சோதனைக் கருவியை அவர் மார்பிலிருந்து கீழே கொண்டுபோனாள். இடுப்பில் அது கீச்சிட்டது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. 

சட்டைக்கு உள்ளே, சிவப்புத் துணியில் சுற்றி, இடுப்புக் கயிற்றில் செருகியிருந்தது ஒரு சத்தகம். ஓலை வார்கிற சிறிய கத்தி. மின்சாரச் சுடலையில் அவர் கொள்ளிக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்திவிட்டு வந்த அன்று, தங்கேஸ்வரியின் தமையன் சிறீஸ்கந்தராசா அதை அவர் கையில் வைத்தார்.

"மச்சான், கொள்ளி வைச்சவன் வெறும் இடுப்போடை திரியக் கூடாது. முப்பத்தொண்டாம் நாள் முடியிற வரைக்கும் இரும்பு உடம்பிலை இருக்கவேணும். குளிக்கேக்கை மட்டும் எடு."

அது தங்கேஸ்வரியின் சத்தகம். மகள் மயூரா பிறந்தபோது ஊரிலிருந்து அவளுடைய அம்மா பொதிக்குள் மறைத்து அனுப்பியது. குழந்தையின் தலையணைக்குக் கீழே ஒரு மாதம் இருந்தது. மற்ற இரும்பு எதையும் கட்டியிருக்கலாம், ஒரு சாவி கூடப் போதும். ஆனால் அவள் கை பட்டது என்று இதைத்தான் கட்டினார். இரும்பு என்றே நினைத்தார். கத்தி என்று ஒரு தடவை நினைத்திருந்தால் அவரே தட்டில் போட்டிருப்பார்!

சிவப்புத் துணி அவிழ்ந்தது. அலகு வெளிச்சத்தில் மின்னியது. மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"ஓய் ரத்னா! போன கிழமை என்ரை சாவிக்கொத்திலை தொங்கின நகம்வெட்டிற சாமானையே பறிச்சு வைச்சனீ! இப்ப இது என்ன, பல்லுக்குத்தியோ?" என்று ஒரு வழமையான வாடிக்கையாளன் கத்தினான்.

"முதல் என்ரை, பிறகு உன்ரை!" என்று இன்னொருவன் அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

"இது எதற்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என்ரை மனுசி செத்துப்போனா" என்றார்.

அவள் நரைத்தலைக்காரரைப் பார்த்தாள். அவர் மெதுவாக, "அதற்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம், ரத்னா?" என்றார்.

முப்பது வருடம் பேசிய நோர்வேஜிய மொழி அந்த நேரத்தில் கைவிட்டது. "செத்தவையள் கிட்ட வராமல் இருக்கிறதுக்கு" என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. மது விற்கிற இடத்தில், கடமை நேரத்தில், சட்டைக்கு உள்ளே மறைத்த கத்தியோடு, செத்தவர்களுக்குப் பயந்த ஒரு காவலாளி. அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். சத்தகத்தை ஓர் உறையில் போட்டு, முடிவு வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றாள்.

துரொண்ட்ஹெய்ம் நகரில் வேலை செய்யும் மயூரா அன்றிரவே தொலைபேசியில் அழுதாள். கோபமும் அழுகையும் கலந்து வந்தன.

"அப்பா, அதோடை வேலைக்குப் போகலாமோ எண்டு என்னட்டை ஒரு வார்த்தை கேட்டியளோ?"

"மறந்துபோனன், பிள்ளை."

"நான்தான் கொள்ளி வைக்கிறன் எண்டு கேட்டனான். பொம்பிளைப் பிள்ளை வேண்டாம் எண்டு நீங்களும் மாமாவும் தள்ளிப்போட்டியள். என்ரை இடுப்பிலை இருந்திருந்தா ஒருத்தரும் வேலை இழக்கத் தேவையில்லை."

 அவள்தான் பிறகு பொலிசுக்குப் பக்கம் பக்கமாக எழுதினாள். வழக்கத்தை விளக்கினாள், கோயிலில் கடிதம் வாங்கி இணைத்தாள். மூன்று மாதம் இரத்தினவேல் தினமும் தபால்பெட்டியைத் திறந்து மூடினார். மாசி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. காவலாளி அனுமதி இரத்து. கைப்பற்றிய பொருள் அழிக்கப்பட்டது.

அழிக்கப்பட்டது என்ற சொல்லில் அவர் கண் நின்றுவிட்டது. மகளின் தலையணைக்குக் கீழே கிடந்த இரும்பு! தங்கேஸ்வரியை ஒரு முறை எரித்தது போதாது என்று இரண்டாம் முறையும் எரித்துவிட்டார்களே என்று, அவள் படத்துக்கு முன்னால் குந்தியிருந்து வாய்விட்டு அழுதார்.

அடுத்த நாள் மதியம் மதுச்சாலை முதலாளி கிறிஸ்ரியன் வந்தான். பனி படிந்த சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சோபாவின் நுனியில் இருந்தான். தேத்தண்ணி கொடுத்தார். அவன் அதைத் தொடவில்லை.

"மே பதினேழிலை, உங்கடை தேசிய நாளிலை, நீங்கள் எல்லாரும் தேசிய உடுப்போடை இடுப்பிலை கத்தி கட்டிறியள்தானே, கிறிஸ்ரியன்?" என்றார். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்த கேள்வி. "வாசலிலை நான் சிரிச்சுக்கொண்டு உள்ளை விட்டிருக்கிறன். உன்ரை தகப்பனையும் விட்டிருக்கிறன்."

"அது எல்லாருக்கும் தெரியிற மாதிரித் தொங்குது, ரத்னா. உன்னுடையது சட்டைக்குள்ளே இருந்தது."

"காட்டினால் அழகு, மறைச்சால் குற்றமோ? எங்கடை துக்கத்தை நாங்கள் உள்ளுக்குத்தான் கட்டுவம்."

கிறிஸ்ரியன் முகத்தைத் தடவினான். "எனக்குத் தெரியும். நான் நம்புகிறேன். ஆனால் நான் சொல்லி ஒன்றும் நடக்காது."

"கதவு வேண்டாம். குசினியிலை கோப்பை கழுவுறன். ஒருத்தற்றை கண்ணிலையும் படமாட்டன்."

 அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "கத்திக்குத்துக்குப் பிறகு நகரசபை எங்கள் மேலே கண் வைத்திருக்கிறது. மது விற்கிற அனுமதி போனால் ஒன்பது பேர் நடுத்தெருவில் நிற்பார்கள். உன்னை உள்ளே வைத்திருக்க முடியாது, ரத்னா. கோப்பை கழுவக்கூட."

இரத்தினவேல் எழுந்து அலுமாரியைத் திறந்தார். கறுப்புக் காவலாளி மேலங்கியை எடுத்தார். கொடுப்பதற்கு முன் பழக்கத்தில் அதன் பைகளை வெளியே இழுத்துக் காட்டினார். சாவியை மேசையில் வைத்தார். வீபூதிப் பொட்டலத்தை மட்டும் தன்னிடம் எடுத்துக்கொண்டார். இடது பை, வலது பை, உள்பை. எல்லாம் வெறுமை.

கிறிஸ்ரியன் அதைப் பார்க்கமுடியாமல் தலையைத் திருப்பினான். அங்கே தங்கேஸ்வரியின் படம் இருந்தது.

மேலங்கியைக் கைமடிப்பில் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தான். குனிந்து சப்பாத்தைக் கட்டினான். இரத்தினவேல் கதவைத் திறந்து, மதுச்சாலையில் நிற்பதைப் போலவே ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

இருபத்திரண்டு வருடமாகக் கிறிஸ்ரியன் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கதவடியில் ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்வான். இரத்தினவேல் பழக்கிவிட்டது. "போட்டு வாறன்" என்பான், போய்வருகிறேன் என்று, கோணல் நாக்கோடு. இரத்தினவேல் "ஓம், வாங்கோ முதலாளி" என்று சிரிப்பார். இன்றைக்கும் அதற்காகவே காத்து நின்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் இன்னொரு நாள் உண்டு என்று அர்த்தம்.

கிறிஸ்ரியன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்ல வந்து விழுங்கினான். செத்த வீட்டிலிருந்து புறப்படுகிறவர்கள் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். அந்த வழக்கம் அவனுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் அப்படித்தான் போனான், ஒரு வார்த்தை இல்லாமல், திரும்பியும் பாராமல், படியிறங்கி.

கீழே வெளிக்கதவு மூடும் சத்தம் வரை இரத்தினவேல் நின்றார். தங்கேஸ்வரியின் செருப்பில் இடறாமல் ஓர் அடி பின்வாங்கி, கதவைச் சாத்தினார்.