காரல் மீனின் தொண்டைக்குள் ஒரு விளக்கு

செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பேருந்தில் ஏறுவதற்குக் காலெடுத்து வைத்திருந்தேன். கைப்பேசி அடித்தது. ஜைத்தூன் அக்காவின் மகன். "மேடம், அம்மா காலையில மௌத்தாயிட்டாங்க. தூக்கத்துலயே போயிருக்கு. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பொறவு அடக்கம். உங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு" என்றார். "சரி தம்பி, வாரேன்" என்றேன். படியிலேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "ஏறுங்கம்மா, படி என்ன உங்களுக்குப் பட்டா போட்டா குடுத்திருக்கு?" என்று கண்டக்டர் சத்தம் போட்டார். பதில் சொல்லாமல் ஏறி உட்கார்ந்தேன். நான் கண்டக்டருக்குப் பதில் சொல்லவில்லை என்றால் என் நிலைமை என்னவென்று என்னைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஜைத்தூன் பீவி விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். நான் அதே கல்லூரியில் இயற்பியல். அவரிடம் படித்தவர்கள் விருதுநகர், தென்காசி மாவட்டங்களில் பாதிப் பள்ளிகளிலாவது ஆசிரியைகளாக இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒப்பாரி வைக்கப் போவதில்லை. வைத்தால், "சரி சரி, மூக்கச் சிந்திட்டு வேலையப் பாரு" என்று அவரே சொல்லியிருப்பார். நிறைவாக வாழ்ந்து, நிறைவாகப் போனவர். மேற்கே ஜன்னலைத் திறந்தால் மலை மட்டுமே தெரிகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, வாழ்நாள் முழுக்கக் கடலைப் பாடம் நடத்தியவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் இயற்பியல் ஆய்வகத்துக்குள் விறுவிறுவென்று வந்தார். நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பில் சேலை. "நீலக் கண்ணாடி வச்சிருக்கியளாமே, செத்த நேரம் குடுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "எதுக்குன்னு வந்து பாருங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் இருட்டறைக்குப் போனார். அவருடைய மாணவிகள் அங்கே ஏற்கனவே நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். விளக்கின் முன்னால் நீலக் கண்ணாடியை வைத்ததும் அறை முழுக்க நீலமானது. சிவப்புச் சேலை கரிக்கட்டையாகிவிட்டது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். "கடலுக்குள்ள எறங்க எறங்க மொதல்ல செத்துப்போறது செவப்பு வெளிச்சந்தான். நீலம் மட்டுந்தான் ஆழம் வரைக்கும் போகும். செவப்பே இல்லாத எடத்துல செவப்பு மீன் கறுப்பாத்தான் தெரியும். அதனாலதான் ஆழக்கடல்ல நெறைய மீனும் எறாலும் செவச்செவன்னு திரியுது. எவன் கண்ணுலயும் படாது" என்றார். பின்னாலிருந்து ஒருத்தி, "அப்ப கல்யாணப் பொண்ணுக்கு அங்க கஷ்டந்தான் மேடம்" என்றாள். "மாப்பிள்ளை தடவிக் கண்டுபிடிக்கட்டும்ட்டி" என்றார் அக்கா. அன்று தொடங்கியது எங்கள் சிநேகிதம். நீலக் கண்ணாடியை அவர் திருப்பித் தரவேயில்லை.

நான் சுத்த சைவம். என்னைப் போய் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரே ஆள் அவர்தான். தூத்துக்குடியிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிற கணவாயை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பார். உயிர் போன பிறகும் தோலில் மிச்சமிருக்கிற பொட்டுகள் சிலசமயம் விரிந்து சுருங்கும். அழுத்திய இடம் பழுப்பாகிப் பிறகு வெளுக்கும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன். கடைக்காரர் பொறுமையிழந்து, "டீச்சர், வாங்குதியளா, இல்ல வைத்தியம் பாக்குதியளா?" என்றார். அக்கா காதில் வாங்கவில்லை. "இதுக்கு நெறம் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுன்னு சொல்லுதாவ. ஆனா மணல்ல ஒக்காந்தா மணலு, பாறையில ஒக்காந்தா பாறை. எப்படிச் செய்யுதுன்னு இன்னும் ஒருத்தருக்கும் முழுசாத் தெரியல. என்ன ஒரு திமிரு பாருங்க இதுக்கு" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். தன் பிள்ளை பரீட்சையில் பாஸானதுபோல் ஒரு முகம்.

வகுப்பில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் "இது நான் பாத்தது" அல்லது "இது நான் படிச்சது" என்று சேர்த்துச் சொல்லிவிடுவார். கணவாயின் நிறம், பார்த்தது. இறால் கண்ணின் அமைப்பு, நுண்ணோக்கியில் பார்த்தது. கடல் உயிரினங்கள் தாமே ஒளிவிட்டு ஒன்றுக்கொன்று சைகை காட்டிக்கொள்ளும் பாடம் வரும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். "இது நான் படிச்சதுதான்ட்டி" என்பார். அந்த ஒரு குறை அவருக்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். எப்படியும் ஒருநாள் பார்த்துவிடலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கண் போனது. முழுதாகப் போகவில்லை. இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி மட்டும். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, இது திரும்பாது என்று சொல்லிவிட்டார். "நேரா எதைப் பாத்தாலும் அதும்மேல ஒரு மேகம் வந்து ஒக்காந்துக்கிடுது. ஓரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் என்னிடம். எழுத்துப் படிக்க முடியவில்லை. நுண்ணோக்கி போயிற்று. எதிரே நிற்பவரின் முகம் தெரிய வேண்டுமென்றால் அவருடைய காதைப் பார்க்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள், இந்தம்மா நம்மை மதிக்காமல் வேறெங்கோ பார்க்கிறார் என்று முகம் சுளித்தார்கள். புதிதாக வந்த முதல்வர் ஒருநாள் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன், நல்லவேளை மணி அடித்துவிட்டது.

அந்தப் பருவம் முடிந்ததும் வேலையை விட்டுவிடுவதென்று அக்கா முடிவு செய்தார். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை. "பாக்கத் தெரியாதவ எதைக் காட்டிக் குடுக்க? விடு. ஆனா ஒண்ணு. இருக்குற கண்ணும் போறதுக்குள்ள அந்த வெளிச்சத்தை ஒரு தடவையாவது பாத்துரணும்" என்றார். அதற்குக் கப்பல் ஏறிப் போக வேண்டுமா என்று கேட்டேன். "காரல் மீன் போதும்" என்றார்.

நம் வீடுகளில், அதாவது உங்கள் வீடுகளில், குழம்பு வைக்கிற அதே காரல்தான். கையகலம்கூட இல்லாத வெள்ளி மீன். அதன் தொண்டையைச் சுற்றி ஒரு சிறு பை இருக்கிறதாம். பைக்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அந்த வெளிச்சத்தில் வயிறு முழுக்க மினுங்கும். மேலிருந்து வரும் வெளிச்சத்தோடு அது கலந்துவிடுவதால், கீழேயிருந்து பார்க்கிற பெரிய மீனுக்குக் காரலின் நிழல் தெரியாது. ஆண் காரல் பெண்ணுக்கு மினுக்கிச் சைகையும் காட்டும். இவ்வளவு வித்தையையும் புளி கரைத்து ஊற்றித் தின்றுகொண்டிருக்கிறோம்.

முதல் தடவை ஆய்வக உதவியாளர் மாரியம்மாவிடம் காசு கொடுத்து வாங்கி வரச் சொன்னோம். காலையிலேயே வாங்கி வந்துவிட்டார். அக்கா ஆவலாகக் கிண்ணத்தைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். தலை இல்லை. குடல் இல்லை. மஞ்சளும் கல் உப்பும் போட்டு அலசி, பளபளவென்று அடுப்பில் ஏற்றத் தயாராக இருந்தது. "எங்க மாரியம்மா, தலையும் கொடலும்?" "அது எதுக்கு மேடம்? ஆஞ்சு பூனைக்குப் போட்டுட்டேன். கழுவாம எப்படி வைக்க? நாத்தம் கொடலப் பொரட்டும்லா." நம் ஊரில் எந்தப் பெண் கையில் மீனைக் கொடுத்தாலும் இதுதான் நடக்கும். மாரியம்மாவைக் குறை சொல்ல முடியாது. விளக்கைத் தின்ற பூனை மரத்தடியில் திருப்தியாக நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவும் நானும் நேரில் போனோம். கல்லூரியின் குளிர்பெட்டி ரிப்பேர். திங்கள்கிழமை வரை மீனை எங்கே வைப்பது? "எங்க வீட்டுல வேண்டாம். மருமக பாத்தா மத்தியானமே கொழம்பாயிரும்" என்றார் அக்கா. ஆக, உப்புத் தண்ணீரில் கிடந்த காரல் மீன்கள் தூக்குச்சட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, எங்கள் சைவ வீட்டுக் குளிர்பெட்டிக்கு வந்து சேர்ந்தன. பால்கோவாவுக்குக் கீழ்த்தட்டு. என் மாமியார் பார்த்துவிட்டார். "என்னதும்மா இது?" "காலேஜ் சாமான் அத்தை. தொறந்தா கெட்டுப்போயிரும்." மறுநாள் காலை நான் தூக்குச்சட்டியோடு கிளம்பும்போது அவர் கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒங்க காலேஜ் சாமான் சாயந்தரம் வீட்டுக்கு வராதுல்லா?" என்று மட்டும் கேட்டார். புத்திசாலி. பேருந்தில் என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாகவே வந்தது.

இருட்டறையில் அக்கா, நான், இறுதியாண்டு மாணவிகள், அப்புறம் மாரியம்மா. "பூனை தின்னதை நானும் பாக்கணும்லா" என்று அவராகவே வந்து நின்றுகொண்டார். அக்கா கண்ணை நம்பாமல் விரலை நம்பி மீனைக் கீறி, தொண்டைப் பகுதியை எடுத்து உப்புத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் வைத்தார். விளக்கை அணைத்தேன். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று காத்திருந்தோம். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் காத்திருந்தோம். "ஒண்ணையும் காணோமே மேடம்" என்றார் மாரியம்மா. இதையும் பார்க்காமல் இந்த மனுஷி வீட்டுக்குப் போகப் போகிறாரே என்று நினைத்தேன். இதற்குமேல் அவரை நிற்க வைப்பது பாவம் என்று சுவிட்சைத் தேடிக் கையை நீட்டினேன்.

"போடாத!" என்றார் அக்கா. "இருக்கு. அங்கன இருக்கு."

தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறார் என்றுதான் நினைத்தேன். "எங்கக்கா?"

"எல்லாரும் தட்டையே மொறைச்சுப் பாக்குதிய. பாக்காதிய. செத்த தள்ளி, சும்மா செவத்தப் பாருங்க. ஓரத்துல வரும்."

சுவரைப் பார்த்தேன். கண்ணின் ஓரத்தில், தட்டு இருந்த இடத்தில், வெளிறிய நீலத்தில் ஒரு பொட்டு இருந்தது. திரும்பி நேராகப் பார்த்தால் காணாமல் போனது. மறுபடி சுவரைப் பார்த்தால் வந்தது. மங்கிய ஒளியைப் பார்ப்பதற்குக் கண்ணின் நடுப்பகுதி உதவாது, ஓரம்தான் உதவும். இது என் பாடம். வருடா வருடம் நான் நடத்துவது. அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை. நடுக் கண்ணை இழந்து மாதக்கணக்காக ஓரத்தாலேயே உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜைத்தூன் அக்காவுக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அது தெரிந்தது. ஒவ்வொருத்தியாக "தெரியுது மேடம், தெரியுது!" என்று கத்த ஆரம்பித்தார்கள். "கடலுக்குள்ள இதாம்ட்டி பேச்சு" என்றார் அக்கா. "இத்துனூண்டு மீனுக்குள்ளயா? இனிமே எப்படிக் கொழம்பு வைக்க?" என்றார் மாரியம்மா. "கொழம்பு வைங்க, நல்லாத்தான் இருக்கும்" என்றார் அக்கா.

அக்கா வேலையை விடவில்லை. ஓய்வு பெறும் நாள் வரை வகுப்பெடுத்தார். புத்தகத்தை மாணவிகள் வாசிப்பார்கள், இவர் விளக்குவார். கரும்பலகையில் ஆளுயரத்துக்கு ஒரு மீன் வரைவார், கோணல்மாணலாக. மறுநாள் ஒளிச்சைகைப் பாடத்தில் அவர் குரல் இறங்கவில்லை என்று ஒரு மாணவி வந்து சொன்னாள். அப்புறம் பேரப்பிள்ளைகள், வானொலி, ஞாயிற்றுக்கிழமை மீன் கடை என்று சந்தோஷமாகவே இருந்தார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும் என் காதைப் பார்த்தபடி, "நீ மெலிஞ்சிட்ட" என்றார். நான் மெலியவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த பழைய மாணவிகள் அவருடைய புகைப்படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாப் படத்திலும் அவர் வேறெங்கோ பார்க்கிறார். என்னிடம் படம் எதுவும் இல்லை. இருப்பது ஒன்றுதான். அன்று இருட்டறையில் எல்லோரும் கத்தி ஓய்ந்த பிறகு அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. முகத்தைப் பார்க்க வேண்டும்போல் ஆசையாக இருந்தது. ஆனால் விளக்கைப் போட்டால் அந்த நீலம் போய்விடும். சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் சிரித்து முடிக்கும்வரை இருட்டிலேயே நின்றேன்.