படத்து மூலையில் பனி

நான் வெட்டிய ஃபிலிம் மயிரிழை அளவு பெரிதாகி, கேமராவில் செருகும் அப்பாவின் பழைய மர ஹோல்டருக்குள் நுழையவில்லை. தானா ராத்தா என்ற மலை ஊரில் உள்ள என் வீட்டில், விளக்கணைத்த அறையில், ஓரத்தை மறுபடி நறுக்கி, மருந்து பூசிய பக்கம் எதுவென்று அறிய மூலையை உதட்டில் வைத்தேன். லேசாக ஒட்டியது. அந்தப் பசை வாசனையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீடு வந்து நின்றது.

அப்பா தேயிலை லோரி ஓட்டியவர். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பெட்டிக் கேமராவில் ஞாயிறுதோறும் லயத்து ஆட்களைப் படமெடுப்பார். பெரிய ஃபிலிமை வாங்கி வெட்டுவது அவர். சாக்கால் சன்னலை மறைத்த சமையலறையில், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு அதை ஹோல்டரில் போடுவது அம்மா. இருட்டில் அவர்கள் குரல் மட்டும் கேட்கும்.

“குளிருல ஃபிலிம் ஊதிருச்சு.”

“ஊதல லா, நீங்க வெட்டுனதுதான் கோணல்.”

பிறகு கத்தரிச் சத்தம், தகரக் கூரையில் மழை, அம்மாவின் மூச்சு. இருந்தவை இரண்டே ஹோல்டர்கள் என்பதால், வெளியே அப்பா ஒன்றில் படமெடுக்கும்போது அம்மா உள்ளே மற்றதை நிரப்பிக்கொண்டிருப்பாள். எந்தப் படத்திலும் அவள் இல்லை. அவள் இறந்தபோது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம்.

லயம் இருந்த இடத்தில் இப்போது தக்காளிக் கூடாரங்கள்.

இன்று அந்த ஃபிலிமில் ஒரு படமெடுத்துக் கழுவியதும் மூலையில் ஒரு கறை தெரிந்தது: மெல்லிய வரிகளோடு என் உதடு. ஓடிப்போய் அப்பாவின் படங்களை எடுத்தேன். ஒவ்வொன்றின் மூலையிலும், இத்தனை வருடம் பனி என்று நான் நினைத்திருந்த இடத்தில், அதே மாதிரி உதட்டு வரிகள்.