டோன்யா பசிலியா உயிரை அழைத்த இரவு

ஓருரோ சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் டோன்யா பசிலியா ஓர் அதட்டல் போட்டால் மலையே நகர்ந்து உட்காரும், எரிமலை வாயைப் பொத்திக்கொள்ளும். ஆனால் அன்றிரவு கணவாயில் பெய்த பனி மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவர் ஏறி வந்த பஸ் சறுக்கிப் போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றுவிட்டது. விடியும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும்.

பஸ் சறுக்கியதிலிருந்து, முன் இருக்கையில் தாய் மடியிலிருந்த குழந்தை நைதா அழவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. தாய் எவ்வளவு உலுக்கியும் பயனில்லை.

"பயத்துல உசுரு வெளிய எறங்கிருச்சு. புள்ளையோட குல்லாவக் குடு தாயி, கூப்பிட்டுப் பாக்குறேன்," என்றார் பசிலியா.

ஜன்னலைத் திறந்து, குல்லாவை இருட்டுக்குள் ஆட்டினார்.

"நைதா, அங்க நிக்காதம்மா! வா!"

உயிருக்காக யாராவது பதில் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். தாயோ குழந்தையை மார்போடு அணைத்து விசும்பிக்கொண்டிருந்தாள். கடைசி இருக்கையில் கிடந்த வாலுப்பயல் ருஃபினோ, போர்வைக்குள்ளிருந்து குரலை மெலிதாக்கி, "வர்றேன்," என்றான். இரண்டாம் முறை கூப்பிட்டபோதும் அவனே சொன்னான்.

மூன்றாம் முறை அவன் வாய் திறப்பதற்குள், வெளியே பனிக்குள்ளிருந்து, "வந்துட்டேன்," என்று கேட்டது.

நைதா வீறிட்டு அழுதாள்.

பசிலியா ஜன்னலைச் சாத்திவிட்டு நேரே வந்து போர்வையை விலக்கினார்.

"மூணாவது நான் இல்ல பெரியம்மா," என்று நடுங்கினான் ருஃபினோ. "மொத ரெண்டும் சும்மா கேலிக்கு..."

"மூணாவது யாருன்னு எனக்குத் தெரியும். கேலி பண்றவனுக்கு எதுக்குடா கண்ணு கலங்கியிருக்கு?"