படைக்காத சோறு

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து வருகிற வழியில், மருந்துக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கிறது மீனா மெஸ். அதை நடத்தும் மீனாம்பாளுக்குத் திண்டுக்கல் சொந்த ஊர். கணவர் நாகராஜனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்தபோது கூடவே சிட்னி வந்தவள். முதலில் அவருக்கு மட்டும்தான் சாப்பாடு கட்டிக்கொடுத்தாள். வாசனை பிடித்து நர்ஸுகள் கேட்டார்கள். அப்புறம் வார்டு வார்டாகப் போனது. வீட்டு அடுப்பு தாங்காது என்று ஆனதும் கடை பிடித்தாள்.

ஹலால் விஷயம் தேடிப் போய்ச் செய்ததல்ல. ஆபர்னில் ஒரு லெபனான்காரர் கடையில் ஆட்டுக்கறி இளசாக இருக்கும் என்பதால் எப்போதும் அங்கேதான் வாங்குவாள். ஒருநாள் மலேசியாவிலிருந்து மகனைப் பார்க்க வந்த ஓர் அம்மாள் வாசலில் நின்றபடி, “இங்க ஹலாலா?” என்று கேட்டார். “தெரியலையேம்மா, விசாரிச்சுச் சொல்றேன்” என்றாள் மீனாம்பாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு இவளைத் தூங்கவிடவில்லை. பசியோடு ஒருவர் தன் வாசல்வரை வந்து திரும்பிப் போவதா?

விண்ணப்பம் போட்டாள். சோதிக்க வந்தவர் ஒவ்வொரு புட்டியையும் திறந்து பார்த்தார். கேசரியில் விடுகிற ரோஸ் எசன்ஸில் ஆல்கஹால் இருக்கிறது என்றார். அதை அப்போதே குப்பையில் போட்டுவிட்டுப் பன்னீருக்கு மாறினாள். சான்றிதழ் வந்து கல்லாவுக்கு மேலே தொங்கியது. அதற்குப் பிறகு கோலாலம்பூரிலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்கள் அந்த வாசலில் நின்று அண்ணாந்து அதைப் பார்ப்பதையும், பார்த்த மறுகணம் அவர்களுடைய தோள்கள் தளர்ந்து இறங்குவதையும் அவள் அடுப்படியிலிருந்து கவனித்திருக்கிறாள். ஒரு காகிதத்துக்கு இவ்வளவு சக்தியா என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு வியப்பாக இருக்கும்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. காலையில் சமையல் முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து, அடுப்படியில் இருக்கும் முருகன் படத்துக்குப் படைப்பாள். முருகனுக்குக் கறி ஆகாது என்று நாகராஜன் சொன்னாலும் கேட்க மாட்டாள், வீட்டில் ஆக்குவதுதான் அவருக்கும் என்பாள். பிறகு காக்கைக்கு ஒரு பிடி. படைக்கும்வரை நாக்கில் ஒரு துளி வைக்க மாட்டாள். உப்பு பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைப் பற்றி எந்தச் சோதனைக்காரரும் கேட்டதில்லை. அவளுக்கும் சொல்லத் தோன்றியதில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது சொல்வார்களா?

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம், கூட்டம் குறைந்த நேரத்தில், அறுபது வயதுக்காரர் ஒருவரும் அவரைவிட இளைய ஒரு பெண்மணியும் உள்ளே வந்தார்கள். இருவரும் சான்றிதழை அண்ணாந்து பார்த்தார்கள். தோள்கள் இறங்கின. அவர் கை கழுவப் போனார். பெண்மணி நேரே அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார்.

“நீங்க தமிழா? அல்ஹம்துலில்லாஹ்! நாங்க காயல்பட்டினம். என் பேரு ஜைனம்பு. எங்க ருக்கையாவுக்குப் புள்ளை பொறந்திருக்கும்மா, மாசம் முடியிறதுக்கு முன்னாடியே. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க.”

“ஐயோ. நல்லா இருக்கா?”

“புள்ளை நல்லா இருக்கு. தாய்க்காரிதான் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குறா. ஆஸ்பத்திரியில ஹலால்னுதான் குடுக்குறாங்க, ஆனா வாய்க்குள்ள போகலை. ரொட்டியும் டீயுமா கிடக்குறா. பால் ஊறலை. முட்டை ஆணம் வேணும்னு அழுவுறா.”

“ஆணமா? அது என்னங்க?”

“குழம்பைத்தான்மா நாங்க ஆணம்னு சொல்றது.”

“அப்படிச் சொல்லுங்க! முதல்ல நீங்க உட்கார்ந்து சாப்பிடுங்க. போறப்போ கட்டித் தர்றேன்.”

“சரிம்மா. ஆனா முதல்ல காக்காக்கு வச்சிருங்க. அப்புறம் எனக்குப் போதும்.”

மீனாம்பாள் அப்படியே நின்றுவிட்டாள். அன்று காலை அவசரத்தில் சாமிக்குப் படைத்ததோடு சரி, காக்கைக்கு வைக்க மறந்திருந்தாள். அதை எங்கிருந்தோ வந்த இந்தம்மா ஞாபகப்படுத்துகிறார்! இவர்களிடமும் இந்த வழக்கம் உண்டா? அவளுக்குப் புல்லரித்தது. ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்து, வேலிக் கட்டையின்மேல் வைத்தாள். வெள்ளை முழிக் காக்கை ஒன்று, இந்த ஊர்க் காக்கைகளுக்கே உரிய அழுகுரலில் இழுத்துக் கத்திக்கொண்டு வந்து இறங்கியது.

ஜைனம்பு எட்டிப் பார்த்தார். “அது யாருக்கும்மா?”

“நீங்கதானே சொன்னீங்க, காக்காக்கு வைக்கச் சொல்லி?”

ஜைனம்பு வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். “ஏ காக்கா! இங்க வாங்களேன்! உங்க சோத்தை ஒரு பறவைக்கு வச்சுட்டாங்க!”

அடுப்பருகே நின்ற சுஜீவாதான் முதலில் புரிந்துகொண்டாள். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, மீனாம்பாளோடு சமைப்பவள். “அன்ரி, அவை அண்ணாவைத்தான் காக்கா எண்டு சொல்லுறவை. எங்கட ஊர் முஸ்லிம் ஆக்களும் அப்பிடித்தான்.”

மீனாம்பாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். ருக்கையாவின் தகப்பனாரான புகாரி என்ற அந்த அண்ணனும் சிரித்தார். “இந்த ஊருக்கு வந்து நான் சிரிக்கிறது இப்பத்தான்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுஜீவா ஆட்டுக்கறி பிரியாணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். ஆவி அவர் முகத்தில் ஏறியது. சோற்றுக்குப் போன கை பாதியில் நின்றது.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. காக்கைக்கு வைக்கிறது சும்மா வைக்கிறதா? இல்ல, படைக்கிறதா?”

ஆமாம் என்றால் அவர் எழுந்துவிடுவார் என்று மீனாம்பாளுக்குத் தெரிந்தது. அங்கே ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒரு பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள். அவளுடைய பாலுக்காகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உயிர் காத்திருக்கிறது. சும்மாதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

“படைக்கிறதுதாங்க” என்றாள். “காக்காக்கு வைக்கிறது எங்க முன்னோருக்கு. அதுக்கு முன்னாடியே, காலையில எல்லாப் பாத்திரத்திலிருந்தும் முருகனுக்குப் படைச்சிருவேன்.”

புகாரி கையை மடியில் வைத்துக்கொண்டார். “அப்போ எங்களுக்கு ஆகாதும்மா. கோவிச்சுக்காதீங்க. நீங்க உண்மையைச் சொன்னீங்களே, அதுவே பெரிசு.”

“சான்றிதழ் தொங்குதே காக்கா” என்றார் ஜைனம்பு மெதுவாக.

“அது கறிக்கு.”

சுஜீவா மீனாம்பாளின் காதருகே வந்தாள். “இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே அன்ரி. பாவம், பசியில இருக்கினம்.”

மீனாம்பாள் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே சூடான சாப்பாடு. அதிலிருந்து ஒரு கரண்டி படத்துக்கு முன்னால் போய் வந்தது கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அப்படி ஒன்றுக்காக ஒருவர் இந்தப் பசியையும், மகளின் பசியையும் தாங்கிக்கொண்டு எழுந்திருக்கத் தயாராக இருக்கிறார். இதே போன்ற ஒன்றுக்காகத்தானே தானும் படைக்காத சோற்றை வாயில் வைப்பதில்லை? இத்தனை காலமும் அது தன் ஒருத்தியின் பிடிவாதம் என்றல்லவா நினைத்திருந்தாள். அவளுக்குக் கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல் இருந்தது.

“கொஞ்ச நேரம் உட்காருங்க” என்றாள். “எழுந்திரிச்சிடாதீங்க.”

அலமாரியிலிருந்து புதுப் பாத்திரங்களை எடுத்துக் கழுவினாள். அரிசி களைந்து உலை வைத்தாள். முட்டைகளை வேகப்போட்டாள். ஜைனம்பு பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, “தேங்காய்ப்பாலை ரெண்டா எடுங்க. தண்ணிப்பாலு முதல்ல, கெட்டிப்பாலு கடைசியில. புளி வேண்டாம், தக்காளி போதும்” என்று சொல்லச் சொல்ல, மீனாம்பாள் செய்தாள். ஆணம் கொதித்து வந்ததும் அவள் கை தன்னால் கரண்டியை எடுத்துப் படத்தின் பக்கம் திரும்பியது. நின்றாள். கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே விட்டாள்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த புகாரி அடுப்படி வாசலுக்கு வந்து கேட்டார்: “உங்க சாமிக்கு வருத்தமா இருக்காதாம்மா?”

“அவருக்கென்னங்க, மேய்ஸ் ஹில்லு கோயில்ல தினமும் வகைவகையா சாப்பிடுறாரு. ஒருவேளை நம்ம வீட்டுச் சாப்பாடு இல்லைன்னா இளைச்சிடவா போறாரு?”

ஜைனம்பு மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

புகாரி “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லிச் சோற்றைப் பிசைந்தார். பேசவே இல்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மறுசோறு வாங்கிக்கொண்டு அதையும் முடித்தார். ருக்கையா சாப்பிட்டால்தான் தனக்கு இறங்கும் என்று ஜைனம்பு உட்காரவில்லை. பிறகு, “ருக்கையாவுக்குக் கட்டிருங்கம்மா. அவகிட்ட நான் சொல்றேன், இதை நம்பிச் சாப்பிடலாம்னு” என்றார். மீனாம்பாள் தூக்குப் பாத்திரத்தில் சோறும் ஆணமும் நிறைத்து, மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள்.

அவர்கள் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரே தட்டை இரண்டு தடவை கழுவினாள். சாயங்காலம் போன் அடித்தது. ஜைனம்புதான்.

“சாப்பிட்டுட்டாம்மா! அத்தனையும் சாப்பிட்டுட்டா! இப்ப நர்ஸோட உட்கார்ந்து பால் எடுத்துக்கிட்டு இருக்கா. கொஞ்சம்தான். ஆனா வருது!”

மீனாம்பாள் அங்கிருந்த அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு சொன்னாம்மா. சொல்லலாமா?”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

“ஆணத்துல உப்பே இல்லையாம்.”

மீனாம்பாள் போனைக் கையில் பிடித்தபடி யோசித்தாள். உப்பு போட்ட ஞாபகமே இல்லை. படைக்காததால் அவள் ருசி பார்க்கவில்லை. மறுசோறு வாங்கிச் சாப்பிட்ட அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

“சுஜீவா” என்று கூப்பிட்டாள். “நாளையிலேருந்து முருகனுக்குத் தனியா ஒரு சின்னப் பாத்திரத்துல முதல்ல பொங்கிடுவோம். அது அவருக்கும் பறக்கிற காக்காக்கும் மட்டும். மத்த பாத்திரத்தைப் படத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். யார் வந்தாலும் சாப்பிடட்டும்.”

“ஓம் அன்ரி. அப்ப உப்பு?”

“அதை நீ பாரு.”